இரண்டு பெட்டிக்கும் ஒரே சட்டை

எனக்கு ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. "உன் நாற்காலியில மட்டும் முள்ளு முளைக்குதாக்கா?" என்று என் தங்கை கேட்பாள். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? மேசையில் வைத்த பொருளை நாள் முழுக்க முறைத்துப் பார்ப்பது. பொருள் வாங்குகிறவர்களுக்காக நடத்தப்படும் ஒரு மாத இதழில் வேலை பார்க்கிறேன். இஸ்திரிப் பெட்டி, குடை, மிக்ஸி, மெத்தை என்று எது கடைக்கு வந்தாலும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுச் சோதித்து, எது தேறும், எது தேறாது என்று எழுதுவோம். விளம்பரம் வாங்க மாட்டோம். மின்சாரப் பொருள்கள் என் பிரிவு. பிரிவு என்றதும் பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். நானும் ஸ்பேனரும்தான்.

ஸ்பேனர் என்பது எங்கள் மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் வீட்டில் முழுசாக இருப்பது அவர் மனைவி மட்டும்தான் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

இந்தத் தடவை மேசைக்கு வந்தவை இரண்டு குட்டிக் கணினிகள். விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள். திரைக்குப் பின்னால் மாட்டிவிட்டால் இருப்பதே தெரியாது. இரண்டும் போட்டிக் கம்பெனிகளின் புது மாடல். நகரத்து நூலகங்களில் கிடக்கிற பழைய கணினிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த மாதிரிக் குட்டிப் பெட்டிகளை வைக்கப்போவதாக நூலகத் துறை முடிவு செய்திருந்தது. எங்கள் இதழில் எது முதலிடமோ அதையே வாங்குவோம் என்று வெளிப்படையாகவும் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் அன்று முழுக்கச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தார்.

எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றில்தான் என் தங்கையின் கணவர் வேலை பார்க்கிறார். பெட்டிக்குள் சூடு சேராமல் பார்த்துக்கொள்கிற பிரிவில் முக்கியமான ஆள். நூலக ஆர்டர் கிடைக்காவிட்டால் குட்டிப் பெட்டிப் பிரிவை இங்கே இழுத்து மூடிவிட்டு, ஆட்களைக் கடல் தாண்டி இருக்கிற தலைமைத் தொழிற்சாலைக்கு மாற்றுவார்கள் என்று அவர்கள் ஆபீசில் ஏற்கெனவே பேச்சு. மாப்பிள்ளை போனால் தங்கை போவாள். தங்கை போனால் வாலுவும் போவாள். வாலு அவர்களுடைய பெண். ஏழு வயசு. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான், ஒரு நாள்கூட அது பொருந்தாமல் போனதில்லை.

எனக்கென்று இருப்பது அந்த மூன்று பேர்தான். நான் தனிக்கட்டை. ஒரே கட்டடத்தில் அவர்கள் மூன்றாவது மாடி, நான் நாலாவது மாடி. என் வீட்டு அடுப்பில் டீ போடுவதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை; சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் கீழேதான். அவர்கள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நேராக ஆசிரியர் அறைக்குப் போவேன்.

"சார், இந்த டெஸ்ட் எனக்கு வேண்டாம். என் தங்கச்சி வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில இருக்கார். நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"நீங்க பண்ணலேன்னா வேற யாரும்மா பண்ணுவா? மெத்தை பார்க்கறவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் மேல படுத்துப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"விளையாடாதீங்க சார்."

"விளையாடலை. எது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சாத்தானே வம்பு? தெரியாமப் பண்ணிடுவோம். பெட்டி ரெண்டையும் மூடிடச் சொல்றேன். ரிசல்ட் எழுதின பிறகு திறந்து பாருங்க."

மூடுகிற பொறுப்பு ஸ்பேனருடையது. அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாள் முழுக்க வெட்டினார், ஒட்டினார், தைத்தார். சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தடித்த அட்டையில் கறுப்புத் துணி ஒட்டி, இரண்டுக்கும் சட்டை போட்டிருந்தார். பின்பக்கம் ஒயர்கள் மட்டும் வெளியே வந்தன. பக்கவாட்டில் காற்றுப் போக வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள். ஒன்றில் சிவப்பு நூல், இன்னொன்றில் பச்சை நூல். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் வருகிற கம்பெனி முத்திரையைக்கூட எடுத்துவிட்டிருந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வெட்டு மேடம். ஒண்ணுக்கு ஒரு ஓட்டை கூட, ஒண்ணுக்கு ஒரு ஓட்டை கம்மின்னு வச்சா நீங்க மோப்பம் பிடிச்சிடுவீங்க. இப்ப பெத்த தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வீட்டிலும் நான் சட்டம் போட்டுவிட்டேன். அதுவரை மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் வேலைக் கதைதான் பேசுவார். நானும் ஆசையாகக் கேட்பேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "நம்ம பெட்டி மத்தது மாதிரி பக்கத்துல இருந்து இல்லேக்கா, கீழேயிருந்து மூச்சு வாங்கும். அதுதான் நம்ம ஐடியா" என்று விளக்கினார். தட்டுக்கு அடியில் விரலை விட்டு விட்டுக் காட்டினார். டெஸ்ட் என் தலையில் விழுந்த அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: "இனிமே இந்த வீட்டுல கம்ப்யூட்டர்ங்கற வார்த்தையே என் காதுல விழக்கூடாது."

அவருக்கு நாக்கு சும்மா இருக்குமா? இரண்டு நாள் கழித்து, "அக்கா, அந்தப் பெட்டியில ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். "இன்னொரு வார்த்தை பேசினீங்க, சாப்பிடாமப் போயிடுவேன் மாப்பிள்ளை."

"உக்காருக்கா. அவர் பேச மாட்டார்" என்றாள் தங்கை. அவள் குரலில் சுரத்தே இல்லை. "வீட்டுக்குள்ளயே கோர்ட் நடத்துறா" என்று சமையலறையில் போய் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்தாள்.

டெஸ்ட் ஆரம்பித்தது. எழுத்து வேலை, கணக்கு வேலை, பத்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துப் படிப்பது போன்ற சில்லறை வேலைகளில் சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. மின்சாரம் குடித்ததிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே எண்களைச் சொல்ல, ஸ்பேனர் எழுதிக்கொண்டார். "கொஞ்சம் உக்காருங்க மேடம், உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார்.

பிறகு கனமான வேலை. நீளமான வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கூடவே நாற்பது பக்கங்களைத் திறந்து விட்டேன். நூலகத்தில் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து படுத்துகிற பாட்டுக்கு இது ஒரு மாதிரி. சிவப்பு லேசாக உறுமிவிட்டு வேலையைப் பார்த்தது. பச்சைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதன் விசிறி கத்திய கத்தலில் பக்கத்து அறையில் இருந்து மெத்தைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சூடு ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வேலை செய்தது. சிவப்பு முடித்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் பச்சை பாதிக்குமேல் கொஞ்சம்தான் வந்திருந்தது.

"நூலகத்துல இதை வச்சா படிக்கிறவங்க எழுந்து ஓடிடுவாங்க" என்றேன்.

 மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் அதே கூத்து. பச்சைக்கு மதிப்பெண் போடுகிற இடத்தில் நான் ஒரு கணம்கூட யோசிக்காமல் 'படுதோல்வி' என்று எழுதினேன்.

சட்டையோடு பச்சையைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனேன். அடிப்பக்கம் கையைச் சுட்டது. திருப்பிப் பார்த்தேன். அடியில் நாலு ரப்பர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மற்றபடி அட்டை. ஒரு கீறல்கூட இல்லாத முழு அட்டை.

மாப்பிள்ளை கவிழ்த்து வைத்த தட்டும் அதற்கு அடியில் விட்ட விரலும் அப்படியே கண் முன்னால் வந்து நின்றன. கீழேயிருந்து மூச்சு வாங்குகிற பெட்டிக்குக் கீழேயே அட்டையை ஒட்டி வாயை அடைத்திருக்கிறோம். இது அவருடைய பெட்டி. அது நோஞ்சான் இல்லை. நாங்கள்தான் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறோம்.

 பெட்டியை வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க' என்று ஆசிரியர் கேட்பார். 'என் தங்கச்சி வீட்டுக்காரர் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார்' என்று சொல்ல முடியுமா? எது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றால் டெஸ்ட்டே செல்லாது. சொந்தக்காரருக்காகக் கடைசி நேரத்தில் டெஸ்ட்டை மாற்றினாள் என்று ஊரே சிரிக்கும். இத்தனை வருஷம் ஒருவரிடமும் கைநீட்டாமல், ஒருவருக்கும் வளைந்து கொடுக்காமல் சேர்த்த பெயர். சொல்லாவிட்டால்? நல்ல பெட்டி தோற்கும். அவர்கள் மூட்டை கட்டுவார்கள். அதுவும் ஓர் அட்டைத் துண்டால்! நினைக்க நினைக்க ஸ்பேனரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கீழே போனால் வாலு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு பெரிய விமானம். அதில் நாலு ஜன்னல்.

"பெரியம்மா, இது அப்பா, இது அம்மா, இது நான், இது நீ."

"நான் எங்கடி வர்றேன்?"

"அப்ப யாரு மேல் மாடியில இருப்பா?" என்று கேட்டாள். அங்கேயும் ஒரு மேல் மாடி இருக்கும், அதில் நான் இருப்பேன் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நான் போட்ட சட்டத்தை அவள் அப்படிக் கடைப்பிடித்தது எனக்குத் தாங்கவில்லை.  பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே வந்துவிட்டேன். மேலே வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து, கீழே அவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்குமே என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

போகட்டும் பெயர், என்று தோன்றியது. பெயரோடு உட்கார்ந்து நான் சாப்பிட முடியுமா? பெயர் வந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுமா?

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் ஆசிரியரையும் ஸ்பேனரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "பச்சையோட ரிசல்ட் தப்பு சார். தப்பு பெட்டியில இல்லை, சட்டையில. அது அடியில காத்து வாங்குற பெட்டி. நாம அடியை அடைச்சு வச்சிருக்கோம்."

ஸ்பேனர் முகம் மாறியது. "காலைச் சுத்தி இடம் விட்டிருக்கேனே மேடம். அட்டையைத் தளர்வாத்தான் வச்சேன். அது போதும்னு நினைச்சேன்."

"போதலை. கையை வச்சுப் பாருங்க, தோசைக்கல் மாதிரி சுடுது."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடியில காத்து வாங்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பச்சை யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் ராத்திரி முழுக்கப் பதில் தயார் செய்திருந்தேன். "எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது சார். சூடு எங்கே சேருதுன்னு பார்த்தேன், அவ்வளவுதான். வேணும்னா நான் இந்தப் பெட்டிகளைத் தொடவே மாட்டேன். சட்டையைக் கழட்டிட்டு ஸ்பேனரே ஓட்டட்டும்."

பச்சைப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். ஆனால் கண் கொட்டாமல் சொன்னேன்.

ஸ்பேனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எது யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "மேடம், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். தன் கைவேலையைக் குறை சொல்லிவிட்டேன் என்று வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். கழட்டுங்க."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வராந்தாவில் நடந்தேன். மெத்தைக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஆறிப்போகும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வருகிறதா என்று அவ்வப்போது கதவில் காதை வைத்தேன். அந்த விசில் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. மனசுக்குள், 'பார்த்தீங்களா மாப்பிள்ளை, உங்க பெட்டி எவ்வளவு சமர்த்து!' என்று சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

மத்தியானத்துக்குமேல் கதவு திறந்தது. ஸ்பேனர் ஆசிரியரிடம் தாளைக் கொடுத்தார். பச்சை சிவப்பைவிட முன்னால் முடித்திருந்தது. சத்தமும் குறைவு, சூடும் குறைவு. வித்தியாசம் ஒன்றும் மலைக்கும் மடுவுக்கும் இல்லை. ஆனால் முதலிடம் முதலிடம்தான்.

"பச்சைதான் ஜெயிச்சிருக்கு" என்றார் ஆசிரியர். "சரி, இப்ப சொல்லு ஸ்பேனர். பச்சை யாரோடது?"

ஸ்பேனர் என்னைப் பார்க்காமல் சொன்னார். போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "இல்லையே, மாத்திச் சொல்றீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளையாக ஆசிரியர் அதைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரரோட பெட்டி ஜெயிச்சுக்கிட்டு இருந்தது. எதிராளி பெட்டிக்கு அநியாயம் நடக்குதுன்னு வாய் திறந்து சொன்னது நீங்க. என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. 

அன்றைக்கு மாப்பிள்ளையிடம் கேட்டேன். சட்டம் எல்லாம் காற்றில் போய்விட்டதே, இனி என்ன! "நம்ம பெட்டி கீழேயிருந்துதானே மாப்பிள்ளை மூச்சு வாங்கும்?"

"முதல்ல அப்படித்தான்க்கா செஞ்சோம். தூசி நிறைய இழுக்குதுன்னு கடைசியில பக்கவாட்டுக்கு மாத்திட்டாங்க. அவங்க கம்பெனிதான் கீழேயிருந்து வாங்குறதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேனே. நீங்கதான் சாப்பிடாமப் போயிடுவேன்னீங்க."

ஆபீசில் நடந்ததை அவரிடம் சொன்னேன், பச்சை யாருடையது என்று நினைத்து வாயைத் திறந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு என்மேல் கோபம் இல்லை. அவர் அப்படிப்பட்டவர். "அடியை அடைச்சா அது செத்துடும்க்கா. நீங்க சொன்னது சரிதான்" என்று தொழில் பேச்சாகவே பேசினார். பேசிவிட்டு வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தங்கைதான் பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. கதவைத் திறப்பாள், நாற்காலியைக் காட்டுவாள், போய்விடுவாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் முதல் கீழே போவதை நிறுத்திக்கொண்டேன். வாலு மட்டும் மேலே ஓடிவந்து, "அம்மா உன்மேல கோபமா இருக்காங்களா பெரியம்மா? எதுக்கு?" என்று கேட்பாள். "உங்கம்மாவையே கேளு" என்பேன். "அம்மா உன்னைக் கேக்கச் சொன்னாங்க" என்பாள்.

இதழ் அச்சுக்குப் போகும் முன்பே முடிவை நூலகத் துறைக்கு அனுப்பிவிட்டோம்; ஆர்டர் போட்டிக் கம்பெனிக்குப் போயிற்று. மாப்பிள்ளை கம்பெனியில் பேசிக்கொண்டபடியே குட்டிப் பெட்டிப் பிரிவை மூடினார்கள். விமான டிக்கெட் வந்தது. கீழ் வீட்டில் சாமான் கட்டுகிற அட்டைப்பெட்டிகளுக்கு டேப் இழுக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கேட்கும்போதும் எழுந்து நடப்பேன். ஆபீசிலோ என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். மெத்தைக்காரர்கூட எழுந்து நின்று வணக்கம் வைத்தார். ஸ்பேனர் ஒருவர்தான், "உங்க நிலைமையில நானா இருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன் மேடம்" என்று மனசு விட்டுச் சொன்னார். எனக்கு அங்கேயே உண்மையைக் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. கொட்டவில்லை.

இதழ் வெளியான அன்று வியாழக்கிழமை. ஆசிரியர் தன் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. ஆனால் குருடனுக்குக்கூடத் தெரியும். சொந்தத்தைவிட நியாயம் பெரிது என்று நினைக்கிற ஒரு பெண்மணி எங்கள் மேசையில் இருக்கிறார் என்று முடித்திருந்தார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கூசியது.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. தங்கை. கையில் இதழ். உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"படிச்சேன்" என்றாள். "நல்லா எழுதியிருக்கார். எனக்கு இதுல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்க்கா. இதைச் செய்யும்போது, ஒரு நிமிஷமாவது, நாங்க ஞாபகத்துக்கு வந்தோமா?"

நான் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்தேன். 

"ஜெயிக்க வைன்னு கேக்கலை. எங்களுக்காகப் பொய் சொல்லுன்னு கேக்கலை. நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அவ்வளவு சுலபமா இருந்துச்சா உனக்கு? நாங்க போனாப் போகட்டும்னு?" அவள் குரல் உடைந்துவிட்டது. "என் பொண்ணு உன் படத்தையும் சேர்த்துத்தான் ஏரோப்ளேன் போடுறா. எங்கக்காவுக்கு நான் யாரு? மேசையில வச்ச ரெண்டு பெட்டியில ஒண்ணா?"

"பச்சை உங்களோடதுன்னு நினைச்சேன்டி" என்று கத்திவிட்டேன்.

அவள் இதழை மடித்து மேசையில் வைத்தாள்.

"மாப்பிள்ளை தட்டைக் கவிழ்த்துக் காட்டினாரே, அதை வச்சு உங்க பெட்டிதான் மூச்சு முட்டுதுன்னு நினைச்சேன். உங்களைக் காப்பாத்தத்தான் போய்ச் சொன்னேன். ஆசிரியர் முகத்தைப் பார்த்து, எது யாரோடதுன்னு தெரியாதுன்னு பொய் சொன்னேன். நியாயமாவது மண்ணாவது! அது எதிராளி பெட்டின்னு தெரிஞ்சிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனான்னு எனக்கே தெரியலை. திறந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். போதுமா? ஊரெல்லாம் கும்பிடுற உங்கக்கா லட்சணம் இதுதான்."

 அவள் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பினாலும் தகும். இரண்டு பக்கமும் கெட்டவளாக ஆகிவிட்டேனே, நியாயத்துக்கும் இல்லை, உறவுக்கும் இல்லை என்று உள்ளே என்னவோ அறுத்தது.

"எங்களுக்காகப் பொய் சொன்னியா?" என்றாள் மெதுவாக. "நீயா?"

"ஆமா. அதையும் உருப்படியாச் சொல்லத் தெரியலை."

அவள் முகத்தில் ஏதோ நடந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தால் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளுக்கு அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "அடிப்பாவி! எங்களை ஊரை விட்டே அனுப்பிட்டியே, எங்க மேல இருந்த பாசத்துல!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது, எது எதற்கு முன்னால் என்று தெரியவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகிப் போன அன்றைக்குக்கூட அவள் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதேடி" என்றேன்.

"அவர்கிட்ட சொல்லாம இருப்பேனா? இத்தனை நாளா மனுஷன் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள். வாசலில் நின்றுவிட்டாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இதை ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு. ஒரு மாசமா நான் உன்னோட பேசவே இல்லையே."